மோட்டார்ப் பந்தயமும் நியாயமும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் வேகம் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. விரைந்து செல்பவன் வெல்வான். இதில் நியாயம், அநியாயம் என்று பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கோடு போட்டு வழி வகுத்திருப்பதுபோல இங்கு வகுப்பதில்லை. ஏறத்தாழ இருபது கார்கள் ஒரே பாதையில் ஓடுகின்றன. முன்னே செல்பவன் நல்வழியைப் பிடித்துக்கொண்டால், பின்னே வருபவன் எவ்வளவு வேகமுடையவனாயினும் அவ்வேகம் பயன்படாது போகலாம். ஆகவே இரண்டு வினாக்கள் எழுகின்றன. முன்னவன் பின்னவனை எந்த அளவுக்குத் தடுக்கலாம்? பந்தயம் முடியுந் தறுவாயில் விபத்து நேர்ந்து நிறுத்தப்பட்டால், அதுவரை பாடுபட்டு ஈட்டிய முன்னிலை என்னாவது?

இவ்வினாக்கள் ஐரோப்பியருக்கு மட்டும் உரியவை என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தலைநகரை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் 2011 முதல் 2013 வரை மூன்று முறை ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. டெல்லித் தமிழர் பலர் அதனை நேரிற் கண்டிருப்பர்; முதலாண்டுப் பந்தயத்தில் தமிழகத்து ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனும் கலந்துகொண்டார்.

முதலில் தடுப்பை எடுத்துக்கொள்வோம். 1981-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டின் ஹராமா பந்தயப் பாதையில் நடந்ததைக் கூறினால் விஷயம் எளிதில் விளங்கும். கானடா நாட்டவரான ழீல் வில்நவ் ஓட்டியது ஃபெராரி கார். அதன் எஞ்சின் மிக வலியது. ஆனால் வளைவுகளில் அக்கார் பிறவற்றைப்போல் இணங்கி வராது. 80 சுற்றுகள் கொண்ட அப்பந்தயத்தில் 14-ஆம் சுற்றில் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. பிறகு நான்கு கார்கள் அவர் பின்னே வரிசையாக வந்து சேர்ந்தன. வளைவு தோறும் அவை நெருங்கின. நேர்பாதை வந்ததும் வில்நவின் எஞ்சின் அவரை விலக்கிக் கொண்டுபோயிற்று. முடிவுக்கோட்டை அவரே முதலில் கடந்தார். முதற்காருக்கும் ஐந்தாம் காருக்கும் இடையே இருந்த கால அளவு 1.24 விநாடி. அவர் இப்படியும் அப்படியுமாக வளைந்து ஓடி எவரையும் மறிக்கவில்லை. வளைவின் உட்புறத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, பிழையின்றி ஓட்டினார், அவ்வளவே. தடுப்புக் கலைக்கு இதனை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறுவர். குறைந்த ஆற்றலைக் கொண்டு மிகுந்த ஆற்றலை நிறுத்தி வைப்பது அநியாயம் என்றால், சதுரங்கத்தில் கோட்டை கட்டுவதும் அநியாயமாகிவிடும்.

எல்லை எங்கே இருக்கிறது? தடுப்பதற்காக ஒரு முறை மட்டும் பக்கம் மாறலாம். மாறியபின் பழைய வழிக்குத் திரும்புவதாயின், ஓரத்தில் ஒரு காரின் அகலமேனும் இடம் விடவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது திசை மாறுதல் கூடாது. இவற்றுள் இறுதியிற் கூறியதே நம் எண்ணத்தில் முதன்மையானது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், வளைவுக்கு முன் மிகச் சிறிய தூரத்துக்குள் அவ்வேகத்தைக் குறைத்தாக வேண்டும். பின்னே வருபவர் எந்தப் பக்கம் செல்வது என்று முடிவுசெய்து, பிரேக்கின் முழு வலிமையையும் பயன்படுத்திவிட்டார். அந்நிலையில் முன்னவர் நகர்ந்து குறுக்கே வந்தால் பின்னவருக்கு விலக வழியுமில்லை. மேலும் வேகத்தைக் குறைக்க வலிமையுமில்லை. அது தடுப்பு ஆகாது. மோதலை மற்றவர் தலையில் சுமத்துவதே ஆகும்.

2016-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இவ்விதியைக் கண்டிப்புடன் நிறைவேற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வெர்ஸ்டாப்பனுடைய தடுப்பு முறையைப் பற்றி மற்ற ஓட்டுநர்கள் முறையிட்டதே அதற்குக் காரணம். அறிவிப்பு வந்த அடுத்த வாரமே மெக்சிகோவில் நடந்த பந்தயத்தில் விதியின் கீழ் அகப்பட்டவர் வெர்ஸ்டாப்பன் அல்லர், ஜெர்மானியரான வெட்டல். வெர்ஸ்டாப்பன் தமக்கு வழிவிடவில்லை என்று வானொலித் தொடர்பிற் சினந்து பேசிக்கொண்டே, தமக்குப் பின்னே வந்த ரிக்கார்டோவைப் பிரேக் நேரத்தில் அவர் மறித்துவிட்டார். மூன்றாமவராகப் பரிசு மேடையில் நின்ற வெட்டல், பத்து விநாடித் தண்டனையால் ஐந்தாமிடத்துக்கு இறங்கினார்.

தண்டனை எதைக் கொண்டு அளக்கப்பட வேண்டும்? 2010-ஆம் ஆண்டு ஹங்கேரியில் பத்தாமிடத்துக்காக, அதாவது ஒரே ஒரு புள்ளிக்காக, மைக்கேல் ஷூமாக்கர் தம் முன்னாள் தோழரான பாரிகெல்லோவைக் கற்சுவரின் ஓரம் வரை நெருக்கினார். கார்கள் மோதவில்லை, எவருக்கும் காயமில்லை, பாரிகெல்லோ முந்தியும் சென்றுவிட்டார். ஆயினும் அடுத்த பந்தயத்தில் ஷூமாக்கர் புறப்படும் வரிசையில் பத்து இடங்கள் பின்தள்ளப்பட்டார். நேர்ந்த தீங்கை மட்டும் பாராமல், நேரக்கூடியதையும் கணக்கிட்ட இத்தீர்ப்பு செம்மையானது என்றே நாம் கருதுகிறோம். எல்லாத் தீர்ப்புகளும் இவ்வாறு அமைந்துவிடவில்லை. 2021-ஆம் ஆண்டு ஜூலையில் ஆஸ்திரியாவில், வெளிப்புறமாக முந்த வந்தவரைப் பாதைக்கு வெளியே போகும்படி செய்ததற்காக நாரிஸ் ஐந்து விநாடி தண்டிக்கப்பட்டார். நவம்பரில் பிரேசிலில் வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனோடு வளைவுக்கு வெளியே ஓடியபோது, விசாரணையே தேவையில்லை என்றனர். தீர்ப்புக்கு வழிகாட்டும் நெறிகளைப் பொதுமக்கள் காணச் சர்வதேச மோட்டார் சம்மேளனம் வெளியிட்டது 2025-ஆம் ஆண்டில்தான்.

இனி இரண்டாவது வினா. தடுப்பவர் கொடுக்கும் விலை பெரும்பாலும் டயர். டயரை மாற்ற நின்றால் இடம் போகும். நில்லாமல் ஓடினால் டயர் தேயும். தேய்ந்த டயரோடு முன்னிலையைக் காப்பவருக்கும், புதிய டயரோடு துரத்துபவருக்கும் இடையே நிகழும் போரே பல பந்தயங்களின் இறுதிக் கட்டம். அக்கட்டத்தில் ஒரு விபத்து நிகழ்ந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது.

நிறுத்துவதே தவறு என்று எவரும் கூறலாகாது. 2014-ஆம் ஆண்டு ஜப்பானின் சுசூகாவில் மழையிடையே, பழுதுற்ற காரை அகற்றிக்கொண்டிருந்த பாரந்தூக்கியின்மீது பியான்கி என்னும் பிரெஞ்சு இளைஞரின் கார் மோதியது. அக்காயத்தால் அவர் 2015 ஜூலையில் உயிர் நீத்தார். அதிகாரிகள் இன்று விரைந்து சிவப்புக் கொடி காட்டுவதைக் குறைகூறுவோர் இதனை மறத்தலாகாது. நிறுத்தம் பாதுகாப்பின்பாற்பட்டது. நிறுத்தத்தின்போது என்னென்ன செய்யலாம் என்பதோ மனிதர் வகுத்த விதி. வழக்கெல்லாம் அவ்விதியைப் பற்றியதே.

2011-ஆம் ஆண்டு மொனாக்கோவில் வெட்டல் ஐம்பது சுற்றுகளுக்கு மேல் தேய்ந்த டயர்களோடு முன்னே சென்றார். அலோன்சோவும், அவரினும் புதிய டயர்களோடு பட்டனும் நெருங்கிவிட்டனர். 78 சுற்றுகளில் ஆறு எஞ்சியிருக்கையில், பெட்ரோவை ஆம்புலன்ஸ் கொண்டு மீட்க வேண்டியதாகிப் பந்தயம் நின்றது. நின்ற வேளையில் டயர் மாற்றலாம் என்பது விதி. அனைவரும் மாற்றினர்; மூவரும் சமநிலை அடைந்தனர்; வெட்டல் எளிதில் வென்றார். உடைந்த துண்டுகள் டயரைக் கிழித்திருக்கக்கூடும், ஆதலின் மாற்றம் தேவை என்பர். கிழிந்த டயரைச் சோதித்து மாற்றுவதற்கும், நல்ல டயரை இலவசமாகப் புதுப்பிப்பதற்கும் வேறுபாடு இல்லையா? அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் சிவப்புக் கொடியின்போது காரைத் தொடலாகாது. அம்முறையே நமக்கு மேலாகத் தோன்றுகிறது.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அபுதாபியில் நிகழ்ந்ததோ உலகறிந்தது. ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் தலைக்கு 369.5 புள்ளிகள் பெற்றுச் சமமாக இருந்தனர். 58 சுற்றுகளில் 53-ஆம் சுற்று வரை பெரும்பாலும் ஹாமில்டனே முன்னிலையில் இருந்தார். லத்தீஃபியின் கார் சுவரில் மோதியது. பாதுகாப்புக் கார் வந்து அனைவரையும் மெதுவாக நடத்தியது. வெர்ஸ்டாப்பன் நின்று புதிய டயர் பூட்டிக்கொண்டார். நின்றால் முதலிடம் போய்விடும் என்பதால் ஹாமில்டன் நிற்க இயலவில்லை. இருவருக்கும் இடையே ஒரு சுற்றுப் பின்தங்கிய ஐந்து கார்கள் இருந்தன. அவை முந்திச் செல்லலாகாது என்று முதலில் சொன்ன பந்தய இயக்குநர், பிறகு அவ்வைந்தை மட்டும் முந்திச் செல்ல விட்டார். பின்தங்கிய மற்றவை அப்படியே இருந்தன. பாதுகாப்புக் கார் இன்னும் ஒரு சுற்று இருக்க வேண்டியது, உடனே விலக்கப்பட்டது. இறுதிச் சுற்றில் வெர்ஸ்டாப்பன் முந்தி உலகப் பட்டத்தை அடைந்தார்.

இவ்விடத்தில் நம் தொழில் குறுக்கிடுகிறது. அரசாங்கக் காகிதங்களை மொழிபெயர்ப்பவர் ஒரு சிறு சொல்லில் நாள் முழுவதும் சிக்கிக் கிடப்பதுண்டு. ஆங்கில விதியில் பின்தங்கிய ‘எனி கார்ஸ்’ முந்திச் செல்ல வேண்டும் என்றிருந்தது. ‘எனி’ என்றால் ‘ஆல்’ என்று பொருளன்று, ஆகவே ஐந்து கார்கள் போதும் என்று வெர்ஸ்டாப்பனின் ரெட்புல் அணியினர் வாதிட்டனர். தமிழில் ‘எந்தக் காரும்’ என்று முற்றும்மை கொடுத்து எழுதியிருந்தால் அவ்வாதத்துக்கு இடமே இராது. நடுவர்களோ, பாதுகாப்புக் காரைப் பற்றி இயக்குநருக்கு மேலதிகாரம் உண்டு என்னும் வேறொரு விதியைப் பற்றிக்கொண்டு முறையீட்டைத் தள்ளினர். 2022-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான சம்மேளனத்தின் அறிக்கை மனிதத் தவறு நேர்ந்ததென்று ஒப்புக்கொண்டது, முடிவை மாற்றவில்லை. விதியில் ‘எனி’ போய் ‘ஆல்’ வந்தது. அணித்தலைவர்கள் பந்தய நேரத்தில் இயக்குநரோடு நேரே பேசும் வழக்கமும் நிறுத்தப்பட்டது. வழக்காடுபவர் நீதிபதியின் காதருகே அமர்ந்து பேசும் அவ்வழக்கத்தை அத்தனை ஆண்டுகள் எவ்வாறு பொறுத்திருந்தனரோ!

சொல்லைத் திருத்தியதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் மெல்போர்னில், இரண்டே சுற்றுகள் எஞ்சியிருக்கையில் நின்ற இடத்திலிருந்து மீண்டும் புறப்படச் செய்தனர். எஞ்சிய டயரைக் காக்க வேண்டிய கவலை யாருக்குமில்லை. எல்லோரும் முதல் வளைவிலேயே வெல்ல முயன்றனர். நாலாமிடத்திலிருந்த சைன்ஸ் மூன்றாமவரான அலோன்சோவை இடித்துச் சுழலச் செய்தார். காஸ்லியும் ஓகோனும் ஒருவரோடொருவர் மோதி நொறுங்கினர். மீண்டும் சிவப்புக் கொடி. புறப்பாட்டுக்கு முன்னிருந்த வரிசையே செல்லும் என்று கூறி, நொறுங்கியவற்றை மட்டும் நீக்கிவிட்டுக் கார்களைப் பாதுகாப்புக் காரின் பின்னே ஊர்ந்து முடிக்க வைத்தனர். அவ்வளைவில் நிகழ்ந்தவை நிகழாதவையாகக் கருதப்பட்டன. சைன்ஸுக்கு விதித்த ஐந்து விநாடித் தண்டனை மட்டும் நின்றது. கார்கள் நெருக்கமாக ஊர்ந்து வந்தமையால் அந்த ஐந்து விநாடி அவரை நான்காமிடத்திலிருந்து பன்னிரண்டாமிடத்துக்குக் கொண்டுபோயிற்று. மறு ஆய்வு வேண்டி ஃபெராரி அணி செய்த விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இடிபட்ட அலோன்சோவுக்கு மூன்றாமிடம் திரும்பக் கிடைத்தது. காஸ்லிக்கும் ஓகோனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.