மலை மீது பழி, குழாயில் காற்று

மலை ஏறினால் வண்டியின் இழுவை குறையும் என்று கினிகத்தேனை வளைவுகளைக் கடந்து ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் வந்துபோகிற சாரதிகள் எல்லோரும் சொல்வார்கள். சொல்வதில் பிழையில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவாகவே கிடைக்கிறது. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெற்றோலும் குறையும், வலுவும் குறையும். ஆனால் இந்த உண்மை ஊரறிந்ததாக இருப்பதாலேயே ஒரு தொல்லையும் உண்டு. மலைநாட்டில் ஒரு கார் சோர்ந்துபோனால் உடனே உயரத்தின் மேல் பழி போட்டுவிடுகிறோம். சூப்பர்சார்ஜர் பூட்டிய கார்களில் இந்தப் பழி பல தடவை தவறான இடத்தில் விழுகிறது. அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது வெளியே மெலிந்திருக்கும் காற்றை அல்ல, ஊதப்படும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீர்க் குழாய்க்குள் அகப்பட்டுக் கிடக்கும் காற்றை.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சினின் சுழற்சியையே வாங்கிக்கொண்டு காற்றை அழுத்தித் திணிக்கும் ஊதி. மலைநாட்டுக்கு இந்தச் சாதனத்தின் உறவுமுறை புதிதல்ல. 1860இல் அமெரிக்காவின் றூட்ஸ் சகோதரர்கள் உருவாக்கிய இரட்டைச் சுழலி ஊதியின் வம்சாவளியைத்தான், 1954 முதல் இலங்கைக்கு வந்த எம்2 வகை டீசல் ரயில் எஞ்சின்கள் தம் வயிற்றுக்குள் சுமந்திருந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்து, ஆல்பர்ட்டா, ஒன்ராறியோ என்று கனேடிய மாகாணங்களின் பெயர் தாங்கி, மலையகப் பாதையிலும் ஓடியவை அவை. அந்த ஊதியின் வேலை எரிந்த புகையை வெளியே தள்ளிப் புதுக் காற்றை நிரப்புவது. அமுக்கம் பெரிதாக ஏறாது, எனவே இன்டர்கூலரும் தேவைப்படவில்லை. கார்களின் கதை வேறு. 1921இல் மெர்சிடிஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் சூப்பர்சார்ஜர் கார்களை வைத்த நாள் தொடக்கம், காரில் அது வலுவைக் கூட்டும் கருவி. வலு வேண்டுமென்றால் அமுக்கம் வேண்டும்; அமுக்கினால் காற்று சுடும்.

எவ்வளவு சுடும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கத்துக்கு ஏற்றுகிற ஒரு சாதாரண ஊதியை எடுத்துக்கொள்வோம். அதன் செயல்திறன் 60 வீதம் என்றால், கொழும்பில் 30 பாகையில் உள்ளே போகும் காற்று 90 பாகையைத் தாண்டி வெளியே வரும். “நுவரெலியாதான் குளிர் ஊராயிற்றே, அங்கே இன்டர்கூலருக்கு என்ன வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு அவர்களுக்குச் சாதகமாக இல்லை. வெப்பநிலை உயர்வு, உள்ளே போகும் காற்றின் தனிவெப்பநிலையைப் பொறுத்தது. அந்த அளவுகோலில் 30 பாகைக்கும் 16 பாகைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 5 வீதத்துக்கும் குறைவு. ஆகவே நுவரெலியாவிலும் அதே ஊதி காற்றைக் கிட்டத்தட்ட 60 பாகை ஏற்றிவிட்டுத்தான் விடும். 16 பாகையில் போனது 75 பாகையில் வரும். அதோடு ரதல்ல குறுக்கு வீதி போன்ற ஏற்றங்களில் கார் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்கிறது; எஞ்சினுக்குச் சுமை உச்சத்தில், முகப்பு றேடியேற்றரில் மோதும் காற்றோ குறைவு, அந்தக் காற்றும் மெலிந்தது. குளிர் ஊர் என்பதால் கிடைக்கும் சலுகையில் பெரும்பகுதியை ஏற்றம் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

இந்தச் சூட்டை இறக்க இரண்டு வழிகள் உண்டு. முகப்பில் வீசும் காற்றாலேயே நேரடியாகக் குளிர்விப்பது ஒன்று. ரேஞ்ச் ரோவரின் சூப்பர்சார்ஜர் வகைகள், அவுடியின் 3.0 லீற்றர் சூப்பர்சார்ஜர் எஞ்சின் போன்றவை கையாளும் மற்ற வழி தண்ணீர். ஊதியை ஒட்டியே ஒரு சிறு வெப்பமாற்றி. அதன் வழியே ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கி, முகப்பிலுள்ள தனி றேடியேற்றருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மின்சாரப் பம்ப் ஒன்றின் உதவியால் திரும்பி வரும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வேறு, இது வேறு. சில கார்களில் இரண்டுக்கும் தொட்டி பொதுவாக இருந்தாலும் சுற்று தனி. சம கன அளவில் பார்த்தால் தண்ணீர் காற்றைப்போல ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தை ஏந்தும். வழியில் தண்ணீருக்குப் பதில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் குளிர்விப்பு இல்லை என்றே கொள்ளலாம். அதைவிடக் கெட்டது, குமிழி பம்புக்குள் புகுவது. சுழல்விசைப் பம்ப் தள்ளும் அமுக்கம், தன்னுள்ளே இருக்கும் பொருளின் அடர்த்திக்கு ஏற்றபடிதான் அமையும். காற்றின் அடர்த்தியோ தண்ணீரில் 800இல் ஒரு பங்குக்கும் குறைவு. காற்றைப் பிடித்துக்கொண்ட பம்ப் பழுதில்லாமல், முழு வேகத்தில், ஒரு சொட்டுத் தண்ணீரையும் நகர்த்தாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேட்டு ஊற்றிலிருந்து லயத்துப் பீலிக்கு இழுத்த குழாய், நடுவில் ஒரு திட்டின் மேல் ஏறி இறங்கினால், அந்தத் திட்டில் காற்று கூடி நின்றுவிடும். மேலே தண்ணீர் நிறைந்திருந்தாலும் பீலியில் நூலாகத்தான் விழும். காரில் அந்தத் திட்டு எஞ்சினின் உச்சியில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் வெப்பமாற்றி எஞ்சினுக்கு மேலே அல்லது V வடிவ எஞ்சினின் இரு கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதால், சுற்றின் உயர்ந்த இடங்களில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. காற்று போய் அடையும் இடமும், காற்று இருக்கவே கூடாத இடமும் ஒன்றே.

“எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிட்டால் எயார் தானாகவே வெளியேறிவிடும்” என்பது கராஜ்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. எஞ்சினின் பிரதான குளிர்ச்சுற்றைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரி. அங்கே பம்ப் பெரிது, ஓட்டம் வேகமானது. பல கார்களில் உச்சியிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் இடைவிடாமல் காற்றைக் கழித்துக்கொண்டே இருக்கும். தேர்மோஸ்டாட் திறந்ததும் மிச்சம் இருப்பதும் கிளம்பிவிடும். இன்டர்கூலர் சுற்றில் தேர்மோஸ்டாட் பெரும்பாலும் இல்லை, பம்ப் சிறியது, ஓட்டம் மந்தமானது. கீழ்நோக்கி இறங்கும் குழாயில் குமிழி மேலே ஏறப் பார்க்கும், தண்ணீர் கீழே தள்ளப் பார்க்கும். ஓட்டம் போதாவிட்டால் குமிழி அங்கேயே நின்று ஆடும். மணிக்கணக்காக ஓடவிட்டாலும் அந்த இழுபறி முடியாது. தொட்டி எல்லாவற்றுக்கும் மேலே அமைந்த கார்களில் மட்டும், சில நாள் ஓட்டி, ஆறியபின் மட்டம் பார்த்து ஊற்றி வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கழியும். அதற்குமேல் அந்தப் பேச்சில் சாரமில்லை.

“பம்பை மாற்றினோம், சரியாகிவிட்டது, ஆகவே பம்ப்தான் பழுது” என்ற அடுத்த வாதம் கேட்பதற்குப் பலமாகத் தோன்றும். ஆனால் பம்பை மாற்ற வேண்டுமென்றால் சுற்றைத் திறந்து, கூலன்டை இறக்கி, மறுபடி நிரப்பித்தானே ஆகவேண்டும்? அந்த நிரப்பலில் பழைய காற்று தற்செயலாகக் கழிந்திருக்கலாம். பெயரைப் புதுப் பம்ப் வாங்கிக்கொள்ளும், பணத்தைக் கராஜ் வாங்கிக்கொள்ளும். மறுபக்கம், அவசரமாக நிரப்பினால் முன்பு இருந்ததைவிட அதிகக் காற்று புகுந்து, புதுப் பம்பும் “பழுதாகி” மூன்றாவது பம்புக்கு ஓடர் போவதும் நடக்கக்கூடியதே. பம்ப் பழுதாவதே இல்லை என்று சொல்லவரவில்லை. மின்சாரப் பம்ப்கள் தேய்ந்து சாகத்தான் செய்கின்றன. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பியோ, ஸ்கேனர் மூலமோ பம்பை ஓடவிட்டு, தொட்டிக்குள் தண்ணீர் சுழல்கிறதா என்று பார்க்கலாம். சத்தமே இல்லையென்றால் பியூஸையும் வயரையும் பம்பையும் சந்தேகியுங்கள். சத்தம் இருந்து, தண்ணீர் அசையாமல் கிடந்தால் காற்றுதான் முதல் சந்தேக நபர்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு சான்றும் இருக்கிறது. கொழும்பில் நிரப்பிய, மூடியில் அதிக அமுக்கம் தேங்காத சுற்று ஒன்றில் 100 மில்லிலீற்றர் காற்று தங்கியிருந்தால், அதே வெப்பநிலையில் நுவரெலியா வந்து சேரும்போது அது ஏறக்குறைய 125 மில்லிலீற்றராக வீங்கும். கூடிய 25 மில்லிலீற்றருக்குத் தண்ணீர் தொட்டிப்பக்கம் தள்ளப்பட வேண்டும். தண்ணீர் இப்படி வீங்குவதில்லை. சூட்டில் விரிந்தாலும் ஆறியதும் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். எனவே கசிவு எதுவும் இல்லாத காரில், ஆறிய நிலையில் பார்க்கும் மட்டம் மலையில் உயர்ந்தும் கொழும்பில் தாழ்ந்தும் காட்டினால், உள்ளே காற்று இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இழுவை குறைவையும் இப்படிப் பிரித்தறியலாம். உயரம் பறிக்கும் வலு, ஒரே உயரத்தில் முதல் ஏற்றத்திலும் ஐந்தாவது ஏற்றத்திலும் ஒரே அளவு. காற்று அடைத்த இன்டர்கூலர் முதல் ஏற்றத்தில் பரவாயில்லை போலத் தோன்றி, அடுத்தடுத்த ஏற்றங்களில் காரைச் சோர்வடையச் செய்யும். உட்காற்று சூடேறினால் பெற்றோல் நேரங்கெட்டு வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் எஞ்சினின் கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளுகிறது, வலு இறங்குகிறது. கணினிதான் காப்பாற்றிவிடுகிறதே என்பார்கள். காப்பாற்றத்தான் செய்கிறது, நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய வலுவைத் தியாகம் செய்து. 1934இல் தொடங்கிய மாகாஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் போன்ற குறுகிய ஓட்டத்தில் இது பெரிதாகத் தெரியாமலும் போகலாம். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா வரை ஏறுபவருக்குத் தெரியாமல் போகாது.

இனிக் காற்றை எடுக்கும் முறை. உயர்ந்த இடத்தில் வாசல் திறந்து, தண்ணீரைக் கீழிருந்து மெதுவாக ஏறவிட வேண்டும். எயார் கழிக்கும் திருகாணி இருந்தால் அதைத் திறந்து, குமிழியில்லாமல் தண்ணீர் வரும்வரை நிரப்பிப் பிறகு மூட வேண்டும். வேகமாக ஊற்றினால் நுரைக்கும், நுரையும் காற்றுதான். பம்பைத் தொடர்ந்து ஓடவிடாமல் ஓடவிட்டு நிறுத்தி, நிறுத்திய இடைவெளியில் குமிழி ஏற அவகாசம் கொடுப்பது நல்லது. சரிவான தரைக்கு மலைநாட்டில் பஞ்சமில்லை. ஆனால் காரை எந்தப் பக்கம் உயர்த்தி நிறுத்துவது என்பதை யோசிக்காமல் செய்யக்கூடாது. ஊற்றும் வாய் முன்னால் என்றால் முகப்பு மேட்டைப் பார்க்க வேண்டும், பின்னால் என்றால் எதிர்ப்பக்கம். மாறி நிறுத்தினால் புதிய திட்டு ஒன்றை நாமே உண்டாக்கிக் கொடுத்தவர்கள் ஆவோம். எஞ்சின் சூடாக இருக்கும்போது எந்த மூடியையும் தொடக்கூடாது. நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொழும்பில் தப்பிய கை அங்கே வேகும்.

ஆனால் வளைந்து நெளிந்த சுற்றுகளுக்கு இதெல்லாம் அரைகுறை வைத்தியம். உறுதியான வழி வெற்றிட நிரப்பல். முதலில் சுற்றிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பிறகு கூலன்டைத் திறந்துவிட்டால் அது தானே ஓடி எல்லா மூலையையும் நிரப்பும். உறிஞ்சிய பிறகு கருவியின் வெற்றிடமானி முள் இறங்கினால் எங்கோ கசிவு என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இந்தக் கருவியைக் கையாளும் மலைநாட்டு பாஸ்மார் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடல்மட்டத்தில் இருப்பவர்களுக்காக எழுதிய கையேடு 25 அங்குல பாதரச வெற்றிடம் வரும்வரை உறிஞ்சச் சொன்னால், நுவரெலியாவில் அந்த அளவு ஒருபோதும் வராது. அங்குள்ள வளிமண்டலமே மொத்தம் 24 அங்குலம்தான். முள் ஏறவில்லை என்று கருவியையோ குழாயையோ குறைசொல்லத் தேவையில்லை. கொழும்பில் 25 அங்குலம் உறிஞ்சிய பிறகு மிஞ்சும் காற்றைவிட, நுவரெலியாவில் 20 அங்குலம் உறிஞ்சிய பிறகு மிஞ்சுவது குறைவு. 20 வந்து அசையாமல் நின்றால் தாராளமாக நிரப்பலாம்.

கருவிக்குச் செலவு அதிகம், சூப்பர்சார்ஜர் கார்களோ நம் பக்கம் சொற்பம், எல்லாக் கராஜும் அதை வாங்கி வைக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. முடியாதுதான். ஆனால் வெற்றிட நிரப்பல் சாதாரண எஞ்சின் குளிர்ச்சுற்றுக்கும் அப்படியே உதவும். ஹைபிரிட் கார்களின் இன்வெர்ட்டரைக் குளிர்விக்கும் தனிச் சுற்றுகளுக்கும், சிறு மின்சாரப் பம்ப் உள்ள எதற்கும் இதே நோய், இதே மருந்து. அந்த வகை ஹைபிரிட் கார்கள் இலங்கை வீதிகளில் ஏராளம்.

காருக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மலை ஏறியதும் கார் சோர்ந்து, புதுப் பம்ப் வேண்டும் என்று கராஜில் சொன்னால், ஸ்கேனரில் உட்காற்றின் வெப்பநிலையைக் காட்டச் சொல்லுங்கள். பம்ப் ஓடும்போது தொட்டிக்குள் தண்ணீர் சுழல்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். எயாரை எடுத்துப் பார்த்த பிறகும் குறை தீராவிட்டால் பம்புக்குப் பணம் கொடுக்கலாம். இறக்கிய கூலன்டை மட்டும் கானில் ஊற்ற விடாதீர்கள். அது நஞ்சு, மலையில் கானில் விழுவதெல்லாம் கீழே யாரோ குடிக்கும் ஓடையில்தான் போய்ச் சேருகிறது.