உறைவெதிரியும் தோற்கருகலும்

குருதிக் குழாய்களுள் வேண்டாத உறைகட்டிகள் தோன்றாமல் காக்கும் மருந்துகள் உறைவெதிரிகள் எனப்படும். அவற்றால் தோலுக்கு நேரும் கேடுகளைப் பிறக்கும் வழிகொண்டு பிரித்தறியலாம்: குருதி கசிந்து தோல் கன்றிப்போதல், எப்பாரின் என்னும் உறைவெதிரியை ஊசியாக இட்ட இடம் ஒவ்வாமையால் சிவந்து தடித்தல், வார்பாரின் என்னும் உறைவெதிரி மாத்திரையைத் தொடங்கிச் சில கிழமைகளில் கொழுப்புத் துகள்கள் நுண்குழாய்களை அடைத்துக் கால்விரல்கள் ஊதாநிறமாதல், வார்பாரின் தோற்கருகல். இறுதியானதில், உறைவைத் தடுக்கத் தந்த மருந்தே உறைவை விளைக்கிறது. ஆதலின் அதனையே விரித்துரைப்பேன்.

வார்பாரினின் கதை நம் கறுவாவிலும் உள்ள ஒரு பொருளில் தொடங்குகிறது. மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வலவைச் சூழ்ந்த மண் கறுவாவும் மிளகும் விளையும் மண். கறுவாப்பட்டையில் கூமரின் என்னும் மணப்பொருள் உண்டு. நம் இலங்கைக் கறுவாவில் அது மிகச் சிறிதே, சீனக் கறுவாவிலோ மிகுதி. கூமரின் தானாக உறைவைத் தடுப்பதில்லை. கூமரின் நிறைந்த இன்குளோவர்த் தீவனம் பூஞ்சணம் பிடித்தபோது அக்கூமரின் உறைவெதிரியாக மாறியது. அத்தீவனத்தைத் தின்ற வட அமெரிக்க மாடுகள் 1920களில் குருதி பெருகி மடிந்தன. விசுகான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்கின் ஆய்வுக்குழு 1939இல் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழிவந்த வார்பாரின் 1948இல் எலிக்கொல்லியாகவும், 1954 முதல் மாந்தர்க்கு மருந்தாகவும் பயன்பட்டது.

கல்லீரலில் உறைவுப் புரதங்கள் சில முழுமையுற உயிர்ச்சத்து கே வேண்டும். உறைவை அடக்கும் புரதம் சி-க்கும் அதுவே வேண்டும். வார்பாரின் அவ்வுயிர்ச்சத்தின் பணியைத் தடுத்து இருபுறத்தையும் ஒருங்கே குறைக்கிறது. ஆயினும் குருதியில் ஏற்கெனவே உள்ள புரதம் சி ஏறத்தாழ 8 மணி நேரத்தில் பாதியாகிறது. உறைவின் நடுநாயகமான புரோத்துரொம்பின் பாதியாக 60 மணி நேரம் செல்லும். ஆதலால் முதற்சில நாள்களில் அடக்கும் ஆற்றல் வீழ்ந்துவிட, உறைவிக்கும் ஆற்றல் ஓங்கி நிற்கிறது. பிறவியிலேயே புரதம் சி குறைந்தோர்க்கு இவ்விடைவெளி பெரிது. அப்புரதம் அறவே இன்றிப் பிறக்கும் குழந்தைகட்கோ எம்மருந்தும் இன்றியே இத்தகைய கருகல் தோன்றுவதுண்டு. இவ்விளக்கத்திற்கு இதனினும் வலிய சான்று நானறியேன்.

வார்பாரின் தொடங்கியபின், பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில், மார்பு, தொடை, பிட்டம் எனக் கொழுப்பு மிக்க இடங்களில் வலி முந்துகிறது. பின்னரே தோல் சிவந்து, நீலம்பாய்ந்து, குருதிக் கொப்புளங்கள் எழுந்து, கருமையான பொருக்காகிறது. அரிதெனினும் பெண்களிடையே மிகுதி. இதனைத் தவிர்க்கவே மருத்துவர் சிற்றளவில் தொடங்கி, முதல் நாள்களில் எப்பாரின் ஊசியையும் உடன்தருவர். மாத்திரையோடு பலாபத்வலவுக்குத் திரும்பியவர் தொடைவலியைத் தசைப்பிடிப்பென்று விட்டுவிடாமல், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல், அன்றே மாத்தளை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அங்கு வார்பாரினை நிறுத்தி, உயிர்ச்சத்து கே தந்து, எப்பாரினால் உறைவைத் தடுப்பர். கருகல் ஆழமாயின் இறந்த தோலை அகற்றி வேறிடத்துத் தோலை ஒட்டவும் நேரும்.