டிரம்ஸுக்குப் பின்னால் யார் தெரியுமா?

கிளாஸ்டன்பரி தெரியுமா? இங்கிலாந்தில் ஒரு பால்பண்ணை நிலத்தில் 1970இல் தொடங்கிய இசை விழா. ராக் உலகத்துக்கு அதுதான் பத்துமலைத் தைப்பூசம்! 2024 ஜூன் 28 அன்று அங்கே ‘உட்ஸீஸ்’ மேடையில் ஏறிய மூன்று இளம்பெண்களும் துடோங் அணிந்திருந்தார்கள். ஒருவர் கையில் கிட்டார், ஒருவர் கையில் பேஸ், இன்னொருவர் டிரம்ஸுக்குப் பின்னால். வாசித்ததோ காது அதிரும் ஹெவி மெட்டல்! அந்த விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு அதுதான். ஆண்கள் குழு ஒன்றுகூட அதற்குமுன் அங்கே போனதில்லை.

குழுவின் பெயர் வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட். பாடி கிட்டார் வாசிப்பவர் ஃபிர்தா மர்ஸ்யா குர்னியா, பேஸ் விடி ரஹ்மாவாத்தி, டிரம்ஸ் எயூஸ் சித்தி ஆயிஷா. மூவரும் மேற்கு ஜாவாவின் காருட் மாவட்டத்தில், சிங்காஜாயா என்ற மலைப்பகுதிக் கம்போங்கில் வளர்ந்தவர்கள். 2014இல் குழு தொடங்கியபோது மதரஸா மாணவிகள். முதலில் சேர்ந்தது பள்ளி நாடகக் குழுவில்தான். அவர்களை இசைப்பக்கம் திருப்பிவிட்டவர் ‘அபா எர்சா’ என்று அவர்கள் அழைக்கும் பள்ளி ஆசிரியர். அவருடைய மடிக்கணினியில் சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு கிடந்தது. கேட்டார்கள், விழுந்தார்கள். அவ்வளவுதான்!

ஊர் சும்மா இருக்குமா? பெண் பிள்ளைகள், அதுவும் மதரஸா பிள்ளைகள், இப்படிக் கத்துவதா என்று ஏச்சும் மிரட்டலும் வந்தன. அதற்கு அவர்கள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: 2022இல் ஒரு பாட்டு. இசைக்க அனுமதி கொடு என்று நேராக இறைவனிடமே கேட்பதாக அதற்குத் தலைப்பு! ஊர்ப் பெரியவர்களைத் தாண்டி மேலிடத்துக்கே மனு போட்டுவிட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா, 2023இல் ‘ரெத்தாஸ்’ என்ற முழு ஆல்பம், அடுத்து அமெரிக்கச் சுற்றுப்பயணம். ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் டாம் மொரெல்லோவும் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் ஃப்ளீயும் இவர்களை வாய்நிறையப் பாராட்டியவர்கள். கிட்டாரும் பேஸும் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு பெயரின் எடை புரியும்.

சரி, நம் பக்கம் வருவோம். சுங்கை பூலோ தாமான்களில் பெண் பிள்ளைகள் பரதம் ஆடுகிறார்கள், கீபோர்டு வகுப்புக்குப் போகிறார்கள். ‘அம்மா, எனக்கு டிரம்ஸ்’ என்று ஒரு மகள் கேட்டால்? வரிசை வீட்டில் டிரம்ஸ் செட் வைத்தால் பக்கத்து வீட்டு அங்கிள் அன்று மாலையே கேட்டுக்கு வந்துவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் அதே வீட்டில் மகன் கேட்டால், மணிக்கணக்கு வாடகைக்கு ஜாமிங் ஸ்டுடியோ எங்கே இருக்கிறது என்று அப்பாவே விசாரிப்பார்!

பாடகி என்றால் நம்மிடம் பஞ்சமே இல்லை. 60களின் ‘பாப் யே யே’ காலத்தில் மலாய்ப் பாடகிகள் கொடிகட்டிப் பறந்தார்கள். பின்னால் நின்று வாசித்த ‘குகிரான்’ குழுக்களில் பெரும்பாலும் ஆண்கள். மலேசியாவின் ராக் ராணி எல்லா, நம் கிளாங்கில் பிறந்தவர் தெரியுமா? அவர் புகழ்பெற்ற குழுவின் பெயரே ‘எல்லா & தி பாய்ஸ்’! மைக் அவருக்கு, மற்ற எல்லாம் பையன்களுக்கு. (1992இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மாட் நீள்முடி ராக்கர்களை ஆர்டிஎம் திரையில் காட்டத் தடை போட்டார். ஆண் ராக்கர்கள் கத்தரிக்கோலைத் தேடினார்கள். பெண்ணாக இருந்ததில் கிடைத்த சலுகை, அந்தத் தொல்லை எல்லாவுக்கு இல்லை!)

ஆனால் அதே 60களில், கடலுக்கு அந்தப் பக்கம் சுராபாயாவில் நான்கு பெண்கள் நான்கு வாத்தியங்களையும் தாங்களே எடுத்துவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா? 1964இல் தொடங்கிய தாரா புஸ்பிதா! லீட் கிட்டார் தித்தியேக் ஏ.ஆர்., ரிதம் கிட்டார் அவருடைய சகோதரி லியேஸ், டிரம்ஸ் சூசி நந்தர், பேஸ் தித்தியேக் ஹம்சா. அப்போது சுகர்னோ ஆட்சி. மேற்கத்திய ராக் இசையை ‘ங்காக்-ங்கிக்-ங்கோக்’ என்று கேலி செய்தவர் அவர். மலேசியாவோடு ‘கொன்ஃப்ரொந்தாசி’ மோதல் வேறு நடந்துகொண்டிருந்தது. 1965இல் ஜகார்த்தா வீடு ஒன்றில் நடந்த விருந்தில் கோயெஸ் சகோதரர்கள் என்ற இசைக்குழுவினர் பீட்டில்ஸ் பாட்டை வாசித்தார்கள். விளைவு? குளோடோக் சிறையில் ஏறத்தாழ மூன்று மாதம்! அதே விருந்தில் தாரா புஸ்பிதா பெண்களும் இருந்தார்கள். அண்ணன்மார் ஜெயிலுக்குப் போனதைப் பார்த்தும் கிட்டாரைக் கீழே வைக்கவில்லை பாருங்கள்! ஆட்சி மாறியது, 1966இல் முதல் ஆல்பம், 1967க்குள் மொத்தம் நான்கு. 1968இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பியவர்கள் மூன்று ஆண்டுக்கு மேல் ஊர் ஊராக வாசித்துவிட்டுத்தான் திரும்பினார்கள். 1972இல் குழு கலைந்தது. பிறகு நீண்ட மறதி. 2010இல் ஓர் அமெரிக்க நிறுவனம் பழைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் ‘அடடே’ என்றது. பக்கத்து நாட்டுக்காரர்களான நமக்கு அமெரிக்கா வந்து சொல்ல வேண்டியிருக்கிறது!

அமெரிக்காவே மறந்த கதையும் உண்டு. பெரிய இசை நிறுவனம் ஒன்றில் முழு ஆல்பம் வெளியிட்ட முதல் பெண்கள் ராக் குழு ஃபேனி, ஆண்டு 1970. அதை நடத்திய ஜூன், ஜீன் மில்லிங்டன் சகோதரிகள் மணிலாவில் பிறந்தவர்கள். உகுலேலே மீட்டிப் பழகிய கைகள். 1961இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். மூன்றாவது ஆல்பத்தைப் பதிவு செய்தது எங்கே? லண்டனில், பீட்டில்ஸின் ஆப்பிள் ஸ்டுடியோவில்! தங்கள் காலத்தின் மிகச் சிறந்த ராக் குழுக்களில் ஒன்று, ஆனால் யாரும் பேசுவதில்லை என்று 1999இல் ஆதங்கப்பட்டவர் டேவிட் போவி. ஆக, முதல் வரிசையிலும் நம் வட்டாரத்து இரத்தம்தான்.

எல்லாக் கதையும் கைதட்டலில் முடிவதில்லை. 2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் ‘பிரகாஷ்’ என்ற பெயரில் மூன்று பள்ளி மாணவிகள் ஒரே ஒரு மேடை ஏறினார்கள். இணையத்தில் மிரட்டல் குவிந்தது, காஷ்மீரின் தலைமை முஃப்தி கண்டித்தார். முதலமைச்சர் உமர் அப்துல்லா ஆதரவாகப் பேசியும், மிரட்டியவர்களில் சிலர் கைதாகியும், 2013 பிப்ரவரியோடு குழு நின்றுபோனது. சட்டம் காவல் நிற்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை மறுநாள் தெருவில் நடக்க வேண்டுமே!

ஜாவாவும் காஷ்மீரும் தூரம், தமிழ்ப் பெண்கள் எங்கே என்கிறீர்களா? திண்டுக்கல்லுக்கு வாருங்கள். அங்கே கிட்டார் கிடையாது. ஆனால் எந்த ராக் டிரம்ஸும் பறையின் முன் நிற்குமா? சாவு வீட்டில் அடிக்க வேண்டும் என்று ஒரு சாதியின் ஆண்கள் தலையில் கட்டப்பட்ட வாத்தியம் அது. பெண் தொட்டால் அதற்கும் ஒரு பேச்சு. 1990இல் சகோதரி சந்திரா என்ற கன்னியாஸ்திரீ, தலித் இளம்பெண்களைத் திரட்டிச் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். பறை அடிக்கவும், அடித்துக்கொண்டே ஆடவும் பழக்கினார். அதோடு தையலும் படிப்பும், மேடையில் நிமிர்ந்து பேசும் துணிச்சலும். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவதுகூட அவர்களே! ஓக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களோடு தங்கி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்று ஆவணப்படமே எடுத்துவிட்டார்.

தைப்பூச ஊர்வலத்தில் உறுமி மேளம் அதிர அதிர ஆடும் நம் கிளாங் பள்ளத்தாக்குப் பையன்களே, அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.