இது எந்தக் கேள்விக்கு விடை?

ஒரு மக்குக் கணக்குப் பொறி. எந்த எண்ணாக இருந்தாலும் மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கித்தான் அது வைத்துக்கொள்ளும். 9998 என்றால் 10000 என்று எழுதிக்கொள்ளும். அதனிடம் இந்த இரண்டு சமன்பாடுகளையும் கொடுப்போம்:

0.0001 க + ச = 1
க + ச = 2

நீங்கள் பள்ளியில் படிக்கும் அதே நீக்கல் முறைதான். முதலாவதை 10000-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கழித்தால் 9999 ச = 9998. பொறிக்கு இரண்டுமே 10000. ஆகவே ச = 1. அதை முதல் சமன்பாட்டில் போட்டால் க = 0. உண்மையில் க ஏறத்தாழ 1!

இரண்டையும் மேல்கீழாக மாற்றி எழுதிக் கொடுங்கள். இப்போது 0.9999 ச = 0.9998 என்று வரும். பொறி மறுபடியும் ச = 1 என்கிறது. ஆனால் இந்த முறை க = 2 − 1 = 1. அதே மக்குப் பொறிதான், விடை சரி.

க-வுக்கு முன் பெரிய எண் உள்ள சமன்பாட்டை முதலில் வைக்கும் இந்தத் தந்திரம் ஏன் காப்பாற்றுகிறது என்று தெளிவாக விளக்கியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வில்கின்சன். 1946-இல் அவர் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே கணினி முன்னோடி ஆலன் டூரிங்கும் அவரும் இன்னும் இருவரும் மேசைக் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு 18 சமன்பாடுகளைத் தீர்த்தார்கள். ஒவ்வொரு மாறி கூடும்போதும் பிழை நான்கு மடங்காகலாம் என்பது அன்றைய பயம். 17 முறை நான்கால் பெருக்கிப் பாருங்கள், 1700 கோடியைத் தாண்டும்! ஆனால் விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது சமன்பாடுகள் அழகாகப் பொருந்தின.

பிறகு வில்கின்சன் கேள்வியையே திருப்பிப் போட்டார். "விடையில் எவ்வளவு பிழை?" என்று கேட்காமல், "எந்தக் கேள்விக்கு இது துல்லியமான விடை?" என்று கேட்டார். நம் பொறியிடமே கேட்போம். க = 1, ச = 1 என்று போட்டால் முதல் சமன்பாட்டில் 1-க்குப் பதில் 1.0001 வருகிறது. கேள்வி மயிரிழைதான் நகர்ந்திருக்கிறது. க = 0 என்று போட்டாலோ இரண்டாவதில் 2-க்குப் பதில் 1! அது வேறு கேள்வி.

இந்தப் பணிக்காக 1970-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

ஆனால் கேள்வி மயிரிழை நகர்ந்தாலே விடை எகிறிவிடும் கணக்குகளும் உண்டு. அதையும் அவரே காட்டினார். 1 முதல் 20 வரையுள்ள எண்களை விடைகளாகக் கொண்ட ஒரு சமன்பாட்டில், −210 என்ற கெழுவை 0.00000012 அளவு அசைத்தார். 20 என்ற விடை 20.8-ஐத் தாண்டிப் போய்விட்டது.