கடல் கடந்த பேராசிரியப் பணி

தெஹியோவிட்டையைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களை வளம்படுத்திய நம் முன்னோர், பிழைப்பை நாடிக் கடல் கடந்து வந்தோராவர். அவர்தம் வழிவந்த மாணவருட் சிலரேனும், கல்வியின் துணையாற் கடல் கடந்து, பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பேராசிரியராய் அமர்தல் வேண்டுமென்பது நம் அவா. அப்பணியின் இயல்பையும் அதனை அடையும் நெறியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கற்பித்தல், ஆராய்தல், இளம் ஆய்வாளரை நெறிப்படுத்தல் ஆகிய மூன்றும் பேராசிரியரின் கடமைகள். பிறநாட்டில் இன்னொன்றும் சேரும். நம் வழக்கும் வரலாறும் அறியாதார்க்கு எதனையும் அடிமுதல் விளக்க நேர்தலின், நன்கறிந்தோமென எண்ணியதனையும் ஆசிரியர் மீளக் கற்றாக வேண்டும்.

இப்பதவி முதற் பட்டத்தோடு கைகூடுவதன்று. கலாநிதிப் பட்டமும், அறிஞர் ஆய்ந்து ஏற்கும் இதழ்களில் வெளிவந்த கட்டுரைகளும், துறைவல்லார் தரும் நற்சான்றும் வேண்டும். பெரும்பாலார் விரிவுரையாளராய்த் தொடங்கிப் பல்லாண்டு உழைத்த பின்னரே பேராசிரியராவர்.

ஈழத்தவரான தனிநாயக அடிகளார் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியற் பேராசிரியரானார். அந்நாட்டிலும் இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்க்குடிகள் பல. அவர்கள் பேசும் மொழி உலக அறிஞர் ஆராய்தற்குரியது என்பதனை, 1966இல் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டால் அவர் புலப்படுத்தினார். தமிழே துறையாதல் வேண்டுமென்பதுமில்லை. எலியேசர் மலாயாவிலும், 1968 முதல் ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்திலும் கணிதம் கற்பித்தார். தம்பையா தாய்லாந்தை ஆராய்ந்து, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மானிடவியற் பேராசிரியராய் விளங்கினார்.

அறிஞரெல்லாம் அகன்றால் இங்குள்ள பிள்ளைகட்குக் கற்பிப்பார் யாவர் என்பார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த விபுலாநந்த அடிகள், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்ப் பணியேற்றார். அயலிற் பெற்ற அனுபவம் தாயகத்துக்குப் பயன்பட்டது. மீள இயலாதோரும் நூலாலும் பொருளாலும் அறிவுரையாலும் உதவலாம்.

எனினும், இந்நெடுவழியின் முதற்படி நம் தோட்டப் பாடசாலையிலேயே உள்ளது. கணிதமும் விஞ்ஞானமும் கற்பிப்பார் இல்லாத வகுப்பில், வல்ல மாணவனும் தன் வல்லமையை அறியாதே போவான். ஆதலின், பழைய மாணவர்காள்! விடுமுறைக்கு ஊர் வரும் நாளில் ஒரு பொழுதேனும் அவ்வகுப்பறையில் நின்று கற்பிப்பீராக. கடல் கடக்கவல்ல மாணவரை நாம் அங்கேயே கண்டெடுப்போம்.