செயற்கைக்கோள் வழி அறிவியல்: எல்லைத் தமிழ்க் குழந்தைகளுக்கு எட்டுமா?

புது தில்லி: ஆந்திர மாநிலம் நாகலாபுரம் வேதநாராயண சுவாமி கோயிலில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று நாள் சூரிய பூஜை நடைபெறுகிறது. மாலைக் கதிரவனின் ஒளி கருவறை வரை சென்று, முதல் நாள் சுவாமியின் பாதத்திலும், அடுத்த நாள் நாபியிலும், மூன்றாம் நாள் சிரசிலும் விழும். இவ்வூரிலிருந்து வடகிழக்கே நேர்கோட்டில் சுமார் 60 கி.மீ. தொலைவில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். அறிவியல் பயிலும் சிறாருக்கு இதைவிட நல்ல வகுப்பறை வேண்டுமா?

அந்த ஏவுதளத்திலிருந்துதான் 2004 செப்டம்பர் 20-ஆம் தேதி, கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட நாட்டின் முதல் செயற்கைக்கோளான எஜுசாட் விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் பணி 2010-இல் முடிவுற்றது.

இம்முயற்சிக்கு முன்னோடி 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடைபெற்ற 'சைட்' திட்டம். அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவலாகப் பெற்று, ஆந்திரம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளைக் கொண்டு சென்றது. காலை ஒன்றரை மணி நேரம் சிறாருக்கானது. ஹிந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளுக்கும் தலா இருபத்திரண்டரை நிமிடம். தமிழுக்கு அதில் இடமில்லை.

அத்திட்டத்தில் இன்றும் நினைவுகூரத்தக்கது ஆசிரியர் பயிற்சியே. அறிவியல் கற்பிக்கும் முறை குறித்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தொலைக்காட்சி, வானொலி, அச்சிட்ட செயல்முறைக் கையேடு, நேரடிச் செய்முறை ஆகிய அனைத்தும் ஒருங்கே வழங்கப்பட்டன. திரையில் கண்டதைக் கையால் செய்து பார்த்த பிறகே ஆசிரியர் வகுப்புக்குச் சென்றார்.

இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. 2017-இல் திக்ஷா தளம் வந்தது. 2020-இல் 'பி.எம். இ-வித்யா' திட்டத்தில் வகுப்புக்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசை அறிவிக்கப்பட்டது. இந்தப் பன்னிரண்டை 200 ஆக உயர்த்தப்போவதாக 2022-23 நிதிநிலை அறிக்கை கூறியது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25 புள்ளிவிவரப்படி, 63.5 சதவீதப் பள்ளிகளில் இணைய வசதி உள்ளது. நாடாளுமன்றத்தில் தரப்படும் பதில்களும் பெரும்பாலும் இத்தகைய எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றன. பெட்டி வந்ததா என்று கேட்கப்படுகிறது. பிள்ளைக்குப் புரிந்ததா என்று கேட்பார் குறைவு.

இளஞ்சிறார் விஷயத்தில் அளவும் முக்கியம். மழலையர் வகுப்பினருக்கு இணையவழிக் கல்வி நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மிகக் கூடாது என்று 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' நெறிமுறை கூறுகிறது. அந்த அரை மணியில் எதைக் காட்டுவது?

நாகலாபுரம் சூரிய பூஜையையே எடுத்துக்கொள்வோம். மார்ச் மாதத்தில் சூரியன் நாளுக்குச் சுமார் 0.4 பாகை வடக்கு நோக்கி நகர்கிறது. பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, குறித்த நேரத்தில் நிழலின் முனையில் கல் வைத்து வந்தால், சில நாள்களில் கல் இடம் மாறியிருப்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும். ஏன் மாறியது என்பதைக் குச்சி சொல்லாது. சாய்ந்த பூமி சூரியனைச் சுற்றிவரும் ஐந்து நிமிட அசைவூட்டப் படம் அதை விளக்கும். முதலில் குச்சி, பிறகு படம். வரிசை மாறினால் பயன் பாதியாகிவிடும். கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மை செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் காணொலிகள் தமிழ் உள்படப் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. பார்த்த குழந்தை உடனே கத்தரிக்கோலைத் தேடுகிறது என்பதே அவற்றின் சிறப்பு.

இனி மொழிச் சிக்கல். 1960 ஏப்ரல் 1-இல் எல்லை மாற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்து திருத்தணி தமிழகத்துடன் இணைந்தபோதும், தமிழ்க் குடும்பங்கள் எல்லைக்கு அப்பாலும் தொடர்ந்தன. சித்தூர், திருப்பதி மாவட்ட எல்லைப் பகுதிகளில் தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ளன. அங்கு பயிலும் குழந்தைக்குப் பாடத்திட்டம் ஆந்திர அரசுடையது. தமிழில் கிடைக்கும் காணொலிகளோ பெரும்பாலும் தமிழகப் பாடநூலை ஒட்டியவை. 2018 முதல் தமிழகப் புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு அச்சிடப்படுகிறது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. செயற்கைக்கோள் அலை ஊத்துக்கோட்டையோடு நின்றுவிடுவதில்லை. பாடப் பக்கம்தான் பொருந்துவதில்லை.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு. இதற்காக மாநிலங்களுக்கு உத்தரவிடக் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. 1956-இல் இப்பிரிவு சேர்க்கப்பட்டபோது வசதி என்பது ஆசிரியரையும் புத்தகத்தையும் குறித்தது. இன்று காணொலியும் அதில் அடங்கும் என்று வாதிட எல்லா நியாயமும் இருக்கிறது. இதற்குப் புதிய ஸ்டூடியோ தேவையில்லை. தமிழகத்தில் தயாரான அறிவியல் காணொலிகளில் எது ஆந்திரப் பாடநூலின் எந்தப் பாடத்துக்கு உரியது என்று காட்டும் பட்டியலைத் தயாரித்து, திக்ஷா தளத்தில் ஏற்றினால் போதும். இரு மாநிலக் கல்வித் துறைகளும் ஒரே மேசையில் அமர வேண்டும். கல்வி பொதுப் பட்டியலில் இருப்பதால், அழைப்பு தில்லியிலிருந்தும் செல்லலாம்.