கோல்ஃப்: உங்கள் அயர்ன் ஷாட் எங்கே தவறுகிறது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும், கண்டுபிடித்துவிடலாம்

மந்தினில் சனிக்கிழமை விடிந்ததுமே ஸ்டாஃபீல்ட் மைதானத்தின் பக்கம் கார்கள் திரும்பத் தொடங்கிவிடும். 27 குழிகள் கொண்ட அந்த மைதானத்துக்குப் போகிறவர்களில் என் மாமாவும் ஒருவர்.

தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கிளப்பில் பை தூக்கிக் காசு சம்பாதித்தவர். இப்போது பென்ஷன் பணத்தில், ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்த்து விளையாடுகிறார்.

ஆட்டம் முடிந்து தே தாரிக் குடிக்க உட்கார்ந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "பட்டிங்தான் என் காலை வாருது." அதை நம்பிப் புதிய பட்டர் ஒன்றும் வாங்கிவிட்டார். ஸ்கோர் மட்டும் அசையவில்லை.

மாமா மட்டுமல்ல, வார இறுதியில் விளையாடும் பலரும் இப்படித்தான் பட்டரைக் குறை சொல்கிறார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

பட்டிங்கா, அயர்னா?

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி, பிஜிஏ டூர் ஆட்டங்களில் பதிவான லட்சக்கணக்கான ஷாட்களை ஆராய்ந்தார். 2004 முதல் 2012 வரையிலான ஆட்டங்களில், முன்னணி 40 வீரர்கள் மற்றவர்களை விட எங்கே முந்துகிறார்கள் என்று பிரித்துப் பார்த்தார்.

டீயிலிருந்து அடிக்கும் முதல் நீண்ட ஷாட்டில் 28 விழுக்காடு. கிரீனைச் சுற்றியுள்ள குறுகிய ஆட்டத்தில் 17 விழுக்காடு. பட்டிங்கில் 15 விழுக்காடு. மிச்சமுள்ள 40 விழுக்காடு, தூரத்திலிருந்து கிரீனை நோக்கி அடிக்கும் ஷாட்களில். அதாவது பெரும்பாலும் அயர்ன் பிடிக்கும் இடத்தில்.

டைகர் உட்ஸின் கணக்கிலும் பெரிய பங்கு இதுதான். 1999-இல் மைன்ஸ் மைதானத்தில் நடந்த உலகக் கோப்பையை அவரும் மார்க் ஓ'மேராவும் வென்றது பலருக்கு நினைவிருக்கும். மந்தினைப் போலவே அதுவும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய மண். அவர் போட்ட பட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்போம். ஆனால் அவரை மற்றவர்களிடமிருந்து அதிகம் பிரித்துக் காட்டியது கிரீனுக்கு அவர் அனுப்பிய ஷாட்கள்.

'ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட்' என்றால் என்ன?

பழைய முறையில் "இன்று எத்தனை கிரீனைப் பிடித்தேன்" என்று எண்ணுவோம். இதில் ஒரு குறை இருக்கிறது. கொடிக்கு இரண்டு மீட்டரில் விழுந்த பந்தும், கிரீனின் கடைசி ஓரத்தில் விழுந்த பந்தும் ஒரே மதிப்பெண் வாங்கும். கிரீனுக்கு ஒரு சாண் வெளியே நின்ற பந்தும், தண்ணீரில் போன பந்தும் ஒரே மாதிரி 'தவறு' ஆகிவிடும்.

பிராடியின் முறை இப்படி: பந்து எங்கே இருக்கிறதோ, அங்கிருந்து குழியில் போட ஒரு டூர் வீரருக்குச் சராசரியாக எத்தனை ஷாட் ஆகும் என்று பார்ப்பது. ஷாட் அடித்த பிறகு அந்த எண் எவ்வளவு குறைந்தது? அதிலிருந்து, அடித்ததற்காக ஒன்றைக் கழித்தால் லாபமா நஷ்டமா என்று தெரிந்துவிடும்.

ஓர் உதாரணம். ஃபேர்வேயில் 160 யார்டு, அதாவது சுமார் 146 மீட்டர் தூரத்தில் நிற்கிறீர்கள். அங்கிருந்து டூர் வீரரின் சராசரி 2.98 ஷாட்.

பந்தைக் கிரீனில், குழிக்கு 9 மீட்டரில் நிறுத்தினால் அங்கிருந்து சராசரி 1.98. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 6 மீட்டரில் நிறுத்தினால் 1.87, லாபம் 0.11. கிரீனைத் தவறவிட்டு, குழிக்கு 18 மீட்டரில் புல் அடர்ந்த ரஃப்பில் விழுந்தால் 2.59, நஷ்டம் 0.61.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரே ஒரு மோசமான ஷாட், ஐந்து நல்ல ஷாட்களில் சேர்த்ததைச் சாப்பிட்டுவிடுகிறது. உங்கள் சிறந்த ஷாட்டை இன்னும் சிறப்பாக்குவதை விட, மோசமானதைக் குறைப்பதில்தான் பலன் அதிகம். இவை டூர் வீரர்களின் எண்கள். நம் ஆட்டத்துக்கு எண் மாறும், ஆனால் திசை இதேதான்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். 146 மீட்டரிலிருந்து 9 மீட்டரில் நிறுத்துவது டூர் வீரருக்கே சராசரி ஆட்டம்! டிவியில் பார்த்தால் எல்லாமே கொடிக்குப் பக்கத்தில் விழுகிற மாதிரி தெரியும். செய்தித் தொகுப்பு வெட்டுகிற ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி விழுந்ததை மட்டும்தான் நாங்கள் போடுகிறோம்.

நோட்டில் என்ன எழுதுவது?

ஷாட்டைப் பதிவு செய்யும் செயலிகளும் கைக்கடிகாரங்களும் கடைகளில் கிடைக்கின்றன. வசதி இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் பாக்கெட் நோட்டும் பென்சிலும் போதும்.

கிரீனை நோக்கி அடிக்கும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி: எவ்வளவு தூரம், எந்த அயர்ன், பந்து எதன் மேல் கிடந்தது (ஃபேர்வேயா, ரஃப்பா, மணலா), கடைசியில் எங்கே போய் நின்றது. நின்ற இடத்தை எழுதும்போது "மிஸ்" என்று மட்டும் போடாதீர்கள். குறைவா, கூடுதலா, இடமா, வலமா என்று எழுத வேண்டும். இந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம்.

ஒரு ரவுண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஐந்து ரவுண்டாவது சேரட்டும். பிறகு 100 மீட்டருக்குள், 100 முதல் 140, அதற்கு மேல் என்று பிரித்துப் பாருங்கள்.

தவறுகள் எல்லாம் வலப்பக்கமே என்றால் அது ஸ்விங் பிரச்சினை, பயிற்சியாளரிடம் போக வேண்டியதுதான். பெரும்பாலும் 'குறைவு' என்றே வந்தால் அதற்குப் பாடம் எதுவும் தேவையில்லை, ஒரு நம்பர் குறைந்த அயர்னை எடுத்தால் போதும். வார இறுதி ஆட்டக்காரர்களுக்கு அதிகம் வருவது இந்த இரண்டாவது வகைதான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நன்றாகப் பட்ட ஷாட்டின் தூரத்தை நம் 'வழக்கமான தூரம்' என்று மனதில் வைத்திருப்போம், வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

டிரைவிங் ரேஞ்சில் அளந்த தூரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அங்கே கொடுக்கும் தேய்ந்த பந்து வேறு, நீங்கள் மைதானத்தில் அடிக்கும் பந்து வேறு.

நம்ம ஊர் மண்ணுக்கு என்ன சேர்க்க வேண்டும்?

மழை. மதியம் ஒரு மழை கொட்டினால் போதும், மறுநாள் காலைவரை ஃபேர்வேயில் பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே நிற்கும். அதனால் பந்து காற்றில் பறந்த தூரத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், உருண்டதையும் சேர்த்து அல்ல. ஈரமான நாளை நோட்டில் தனியாகக் குறியுங்கள்.

பல மைதானங்களில் இருக்கும் அகல இலை கவ் கிராஸ் ரஃப்பில் கிளப் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கிக்கொள்ளும். பந்தில் சுழற்சி குறையும், சில நேரம் எதிர்பாராமல் தூரமாகப் பறந்துவிடும்.

யார்டையும் மீட்டரையும் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 140 மீட்டர் என்பது 153 யார்டு. கைக்கடிகாரம் ஒன்றையும் மைதானப் பலகை இன்னொன்றையும் காட்டினால், ஒரு முழு அயர்ன் அளவுக்குத் தவறிப்போகும்.

மாமாவின் நோட்டுக்கு வருவோம். ஏழாம் நம்பர் அயர்னில் 140 மீட்டர் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நோட்டில் பார்த்தால் பெரும்பாலும் 125-ஐ ஒட்டித்தான் நின்றது. பந்து கிரீனுக்கு முன்னாலேயே விழும், அங்கிருந்து சிப் பண்ணுவார், அது தூரமாக நிற்கும், பிறகு நீளமான பட். அது உள்ளே போகாது. பழி பட்டர் மேல்.

"அட, இவ்வளவு நாளா இதுதானா?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு நம்பர் குறைத்து எடுக்கிறார், கொடியை விட்டுவிட்டுக் கிரீனின் நடுவைப் பார்த்து அடிக்கிறார். கூட ஆடுகிறவர்கள் கொஞ்சம் கிண்டல் செய்கிறார்களாம். புதிய பட்டரை விற்க மனசு வரவில்லை.

போன வாரம் நோட்டில் இன்னொரு கட்டம் கோடு போட்டு வைத்திருந்தார்: 'மேட்டு கிரீன்'. அங்கே இன்னும் குறைவாகத்தான் விழுகிறதாம்.